மருத்துவமனையும் மரணக் கணக்கும்



நோயாளியின் பாதுகாப்பைக் குறித்துப் பேசும்படி என்னைப் பணித்தபோது, மருத்துவர்கள் எவ்வளவு கருணையுடனும் ஜாக்கிரதையுடனும் நடந்துகொள்ள வேண்டும் என்று ஓர் உபதேசம் செய்வேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அத்தகைய உபதேசங்கள் பட்டமளிப்பு விழாக்களில் ஆண்டுதோறும் நடந்தேறுகின்றன. அவற்றால் யாருக்கும் தீங்கு விளைந்ததாகத் தெரியவில்லை, நன்மை விளைந்ததாகவும் தெரியவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. கெட்ட எண்ணம் உடையவர் ஒருவர்கூட இல்லாத ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் அநியாயமாக மாண்டுபோக முடியும் என்பதும், மாண்டவர்களை எண்ணிப் பார்க்கும் கடமை இன்னாருடையது என்று சட்டத்தாலும் சம்பிரதாயத்தாலும் வரையறுக்கப்படாத வரையில் அந்த அநியாயம் எல்லோர் முன்னிலையிலும் நடந்துகொண்டே ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்கும் என்பதுமே இன்றைய பேச்சின் சாரம். இதற்குச் சாட்சியாக இங்கிலாந்தின் மேற்குக் கரையோரத்திலுள்ள பிரிஸ்டல் நகரத்தை அழைக்கிறேன்.

பிரிஸ்டல் ராயல் இன்பர்மரி பதினெட்டாம் நூற்றாண்டில் நகரத்துத் தர்மவான்களின் நன்கொடையால் எழுந்த, பழம்பெருமை வாய்ந்த ஸ்தாபனம். 1984ஆம் ஆண்டில், ஓராண்டு நிரம்பாத சிசுக்களுக்கு இருதய ரண சிகிச்சை செய்யும் விசேஷ மையங்களுள் ஒன்றாக அது நியமிக்கப்பட்டது. அங்கே சிகிச்சையின் பலன் பிற இடங்களைவிடச் சிறந்திருந்தது என்பதைக் காட்டிலும், தென்மேற்குப் பிரதேசத்துப் பெற்றோர் நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொலைதூரம் அலையக்கூடாது என்ற எண்ணமே இந்நியமனத்துக்குப் பெரிதும் காரணமாயிருந்தது. எண்ணம் நல்லதுதான். ஆனால் இருதயத்தைத் திறந்து செய்யும் சிகிச்சை நடந்தது பெரியவர்களுக்கான இன்பர்மரியில். குழந்தைகளின் இருதய நோயை அறிந்த வைத்தியர்கள் இருந்ததோ மேட்டின்மேல் தனியே நின்ற குழந்தைகள் மருத்துவமனையில். சிகிச்சை முடிந்த சிசு, நெஞ்சுவலிக்காகச் சிகிச்சை பெற்ற முதியவர்களுடன் அதே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தது. கத்தியைப் பிடித்த இருவரும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மாறிமாறிச் சிகிச்சை செய்தவர்களே. குழந்தைகளுக்கு மட்டுமேயான நிபுணர் ஒருவர் 1995ஆம் ஆண்டு வரையில் நியமிக்கப்படவில்லை.

1988இல் ஸ்டீபன் பால்சின் என்னும் இளம் மயக்க மருந்து நிபுணர் அங்கே பணியேற்றார். தாம் முன்பு பழகிய இடத்தில் முடிந்ததைவிட இங்கே சிகிச்சைகள் நெடுநேரம் நீடிப்பதையும், பிழைக்க வேண்டிய குழந்தைகள் பிழைக்காமல் போவதையும் அவர் கண்டார். மயக்க மருந்து கொடுப்பவர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர்; ஆகவே அறுவை அரங்கின் உண்மைகளை அவரைக் காட்டிலும் அறிந்தவர் வேறொருவர் இருக்க முடியாது; ஆனால் அரங்கின் அந்தஸ்து வரிசையில் அவர் சொல் இரண்டாம் இடத்துச் சொல்தான். 1990இல் அவர் மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார். அதனால் கிடைத்தது கண்டனம். சந்தேகத்தை வாயால் சொல்வதில் பயனில்லை என்று உணர்ந்து, சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து ஏடுகளைப் புரட்டிக் கணக்கெடுத்தார். அக்கணக்கு கைமாறிக் கைமாறிப் பலரிடம் சென்றது; பார்த்தவர்கள் கவலைப்பட்டார்கள்; கவலைப்பட்டதோடு நின்றார்கள். 1992இல் பரிகாசத்துக்குப் பெயர்போன ஒரு லண்டன் பத்திரிகை விஷயத்தை அச்சேற்றியது. அப்பொழுதும் சிகிச்சைகள் நிற்கவில்லை. 1995 ஜனவரியில், இருதயத்தின் இரு பெருங்குழாய்கள் இடம்மாறிப் பிறந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அவற்றை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை செய்யலாமா என்று முதல்நாள் மாலை மருத்துவர்கள் கூடி ஆலோசித்தார்கள்; பால்சின் வேண்டாம் என்றார்; மற்றவர்கள் செய்யலாம் என்றார்கள்; குழந்தை மறுநாள் இறந்தது. அதன் பிறகே கதவு திறந்தது. பால்சினுக்கு இங்கிலாந்தில் இடம் நெருக்கடியாகிவிட, 1996இல் ஆஸ்திரேலியா சென்று அங்கே பணிபுரிந்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். உண்மை சொன்னவர்களுக்குச் சமூகம் வழங்கும் சன்மானம் எல்லா தேசங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மருத்துவர் பதிவேட்டைப் பேணும் பொது மருத்துவ மன்றம் 53 சிகிச்சைகளை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் 29 குழந்தைகள் இறந்திருந்தன. 1998இல் மூவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. கவனிக்க வேண்டியது, மூவரில் ஒருவர் கத்தியைத் தொடாதவர். அவர் மருத்துவராகவும் இருந்த தலைமை நிர்வாகி. எச்சரிக்கப்பட்டும் நடவடிக்கை எடுக்கவில்லை என்பதற்காக அவர் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. நிர்வாக நாற்காலியில் அமர்ந்திருப்பவன் சிகிச்சையின் பலனுக்குப் பொறுப்பாளி அல்லன் என்ற நெடுநாளைய சம்பிரதாயம் அன்றோடு முறிந்தது.

ஆயினும் பெற்றோர்களுக்கு வேண்டியிருந்தது தண்டனை மட்டுமன்று. எப்படி இது நடந்தது என்ற விளக்கமும் வேண்டியிருந்தது. சட்டப் பேராசிரியர் இயன் கென்னடியின் தலைமையில் அமைந்த பொது விசாரணை 238 பெற்றோரின் சாட்சியம் உள்படப் பெருந்திரளான ஆதாரங்களைப் பரிசீலித்து, 2001 ஜூலையில் 198 பரிந்துரைகளுடன் அறிக்கை வெளியிட்டது. 1991 முதல் 1995 வரையிலான காலத்தில், சாதாரணமான ஒரு மையத்தில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 சிசுக்கள் வரை அங்கே அதிகமாக இறந்தன என்பது அதன் முடிவு. அவ்வறிக்கையின் மகத்துவம் எண்ணிக்கையில் இல்லை. இது தீயவர்களின் கதையன்று, நோயாளிகள்பால் அக்கறையற்றவர்களின் கதையுமன்று என்று அது தெளிவாகக் கூறியது. பகலென்றும் இரவென்றும் பாராமல் உழைத்தவர்களே அங்கிருந்தார்கள் என்பதை ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் குழந்தைகள் இறந்தது எப்படி என்ற கேள்வியை அதன் பின்பே கேட்டது. விடை இதுதான்: அந்த மையத்தின் சிகிச்சைத் தரத்தைக் கண்காணிக்க வேண்டியது யார் என்று கேட்டால், லண்டனிலிருந்த சுகாதார இலாகா ரண வைத்தியர்களின் ராயல் காலேஜைக் காட்டியது, காலேஜ் மருத்துவமனையைக் காட்டியது, மருத்துவமனை நிர்வாகம் நிபுணர்களைக் காட்டியது, நிபுணர்களோ அனுபவம் முதிர முதிரப் பலன் சீர்படும் என்று எதிர்காலத்தைக் காட்டினார்கள். பல குடித்தனங்கள் உள்ள வீட்டின் பொது விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவார் இல்லாமற்போவது போல, பலருக்கும் பொதுவான பொறுப்பு ஒருவருக்கும் உரியதாகாமற் போயிற்று.

இவ்விடத்தில்தான், ஆங்கிலேயர் கிளினிக்கல் கவர்னன்ஸ் என்று பெயரிட்ட ஏற்பாடு வருகிறது. சிகிச்சைப் பரிபாலனம் என்று நான் அதைக் குறிப்பிட்டுச் செல்கிறேன். அதன் பிறப்பு சற்று விசித்திரமானது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பெரிய வர்த்தகக் கம்பெனிகள் சில திடீரென்று கவிழ்ந்தபோது, கம்பெனியின் இயக்குநர்கள் பணக் கணக்குக்கு எவ்வாறு பதில் சொல்ல வேண்டும் என்பதை வகுக்க ஒரு குழு அமைந்தது. சாக்லேட் வியாபாரத்தால் நம் வீடுகளிலும் பெயர் தெரிந்த காட்பரி வம்சத்தைச் சேர்ந்த ஏட்ரியன் காட்பரி அதன் தலைவர். 1992இல் அறிக்கை வந்தது. அதன் விதிகள் பொது மருத்துவமனைகளின் நிர்வாகக் குழுக்களுக்கும் பரவின. அதன்படி, ஒரு மருத்துவமனையின் இயக்குநர் குழு கூடினால் படுக்கை விரிப்புக்கும் மின்விளக்குக்கும் ஆன செலவைக் காசு பிசகாமல் கேட்டறியும். அந்தப் படுக்கையில் கிடந்தவர் பிழைத்தாரா என்பது அதன் நிகழ்ச்சி நிரலில் அப்போது இல்லை. பணத்துக்குப் பதில் சொல்லும் அதே குழு பலனுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் 1997 டிசம்பரில் அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கையில் இடம்பெற்றது. மறு ஆண்டில் கேப்ரியல் ஸ்காலி, லியம் டொனால்ட்சன் என்னும் இரு பொதுச் சுகாதார அறிஞர்கள் அதற்கு உருவம் கொடுத்தார்கள். 1999இல் சுகாதாரச் சட்டம் தரத்தைப் பேணுவதை நிர்வாகத்தின் சட்டபூர்வமான கடமையாக்கியது. தேசிய சுகாதார சேவை தொடங்கியது 1948இல். சிகிச்சை நன்றாயிருக்கிறதா என்று கேட்பது நிர்வாகத்தின் கடமை என்று சட்டம் சொல்ல அரை நூற்றாண்டு சென்றது.

கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும் என்று முன்பு யாருக்கும் தோன்றவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் எர்னஸ்ட் காட்மன் என்ற ரண வைத்தியர் இருந்தார். பிடிவாதக்காரர், சபைநாகரிகம் அதிகம் இல்லாதவர், எனக்கு மிகவும் பிடித்தமானவர். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து சென்று, அவர் குணமானாரா, இல்லையெனில் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் பணிபுரிந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வயது மூப்பின்படி பதவி தரும் வழக்கத்தை எதிர்த்து 1914இல் விலகினார். மறு ஆண்டில் நகரத்து மருத்துவச் சங்கக் கூட்டத்தில் ஒரு கேலிச் சித்திரத்தைத் திரைவிலக்கிக் காட்டினார். அதில் ஒரு நெருப்புக்கோழி மண்ணில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டைகளை மருத்துவர்கள் பக்கம் உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் கூச்சல் எழுந்தது; அச்சங்கத்தில் அவர் வகித்த தலைமைப் பதவி போயிற்று. சொந்தத்தில் சிறிய மருத்துவமனை ஒன்று நடத்தி, 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வெளியேறிய 337 நோயாளிகளின் வரலாற்றையும், அவர்களுக்குச் செய்த சிகிச்சையில் தாம் கண்ட 123 பிழைகளையும் தாமே அச்சிட்டு வெளியிட்டார். இன்று எந்த மருத்துவமனை அப்படிச் செய்யும்?

அவருடைய கருத்தைத் தழுவி அமெரிக்க ரண வைத்தியர் கல்லூரி நூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைப் பரிசோதித்தது. மிகக் குறைந்த தரத்தையேனும் எட்டியவை 89. 1919இல் இம்முடிவை அறிவித்தவர்கள், எந்த மருத்துவமனை தேறியது, எது தவறியது என்ற பட்டியலை, பத்திரிகைக்காரர் கையில் சிக்கிவிடக்கூடாதென்று நியூயார்க்கில் தாங்கள் தங்கியிருந்த ஹோட்டலின் உலையிலே நள்ளிரவில் எரித்துவிட்டார்கள். தேறாதவற்றில் நாட்டின் புகழ்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன. உண்மையைக் கண்டறியும் ஆற்றலும் அதை வெளியிடும் துணிவும் வெவ்வேறு குணங்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

கணக்கை வணங்குகிறவனாக என்னை நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கணக்கும் பொய் சொல்லும். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1863இல் வெளியிட்ட மருத்துவமனைக் குறிப்புகளில் லண்டன் நகரத்து 24 மருத்துவமனைகளின் மரண விகிதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் என்று காணப்படுகிறது. ஓராண்டு முழுவதும் இறந்தவர்களின் தொகையை, ஒரு குறிப்பிட்ட நாளில் படுக்கையில் இருந்தவர்களின் தொகையால் வகுத்ததால் வந்த விபரீதம் அது. மேலும், மிகக் கடுமையான நோயாளிகளை ஏற்கும் மருத்துவருக்கு மரணங்கள் அதிகமாயிருக்கும்; மரண எண்ணைப் பார்த்து மட்டும் பட்டம் கட்டினால், பிழைக்கக்கூடியவர்களை மட்டும் ஏற்று மற்றவர்களை வாசலிலேயே திருப்பியனுப்புகிறவரே தலைசிறந்த மருத்துவராகிவிடுவார். இந்த ஆட்சேபம் பிரிஸ்டலிலும் எழுப்பப்பட்டது. அதற்கு மறுமொழி எண்ணாமல் விடுவதன்று. நோயின் கடுமையைக் கணித்து, ஒப்பிடத்தக்கதை ஒப்பிடத்தக்கதோடு ஒப்பிடுவதே. விசாரணைக் குழுவின் நிபுணர்கள் அவ்வாறு ஒப்பிட்ட பின்னரும் பிரிஸ்டலின் குறை குறையாகவே நின்றது. அங்கே சீர்திருத்தம் செய்த பின், ஓராண்டுக்குட்பட்ட சிசுக்களுக்கான திறந்த இருதய சிகிச்சையில் 1991–95இல் 29 விழுக்காடாக இருந்த மரணம் 1999–2002இல் 3 விழுக்காடாகக் குறைந்தது.

எண்ணுவதற்கு அடுத்தது நினைவில் வைப்பது. தனி மனிதன் ஒரு தடவை சுட்டுக்கொண்டால் நெருப்பை நினைவில் வைக்கிறான். ஸ்தாபனங்களுக்கு அந்த ஞாபகம் தானாக வருவதில்லை. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து ரத்தக் குழாயில் செலுத்தினால் மருந்து. தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்தினால் நரம்புகளை அழித்துக் கொல்லும் நஞ்சு. அந்த நோயாளிகளுக்குத் தண்டுவடத்தில் செலுத்த வேண்டிய மருந்து வேறொன்றும் உண்டு. இரண்டும் அப்போது சிரிஞ்சில் அடைத்து வந்தன. இரண்டு சிரிஞ்சும் ஒரே ஊசியில் பொருந்தின. டொனால்ட்சன் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்தபோது 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை, தண்டுவடத்தில் மருந்து மாறிச் செலுத்தப்பட்டதால் 1985 முதல் பதின்மூவரேனும் இறந்தோ முடமாகியோ இருக்கிறார்கள் என்று காட்டியது. ஒவ்வொரு தடவையும் ஓர் இளம் மருத்துவர் தலைகுனிந்தார். ஒரு சுற்றறிக்கை ஜாக்கிரதையாயிருக்கும்படி உபதேசித்தது. வேறோர் ஊரில், அந்தச் சுற்றறிக்கையைக் கண்டிராத வேறோர் இளம் மருத்துவர் அதே சிரிஞ்சைக் கையில் எடுத்தார். அறிக்கை வெளியான சில மாதங்களுக்குள், 2001 ஜனவரியில், நாட்டிங்காம் நகரத்தில் மீண்டும் அதே மருந்து அதே வழியில் சென்றது. பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் மாண்டார்.

பரிகாரமோ எளியது. அம்மருந்தைச் சிரிஞ்சில் அடைக்காமல், சிறிய பையில் நீர்த்த கரைசலாக அடைத்துச் சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாயில் இறக்குவது. அத்தனை நீரைத் தண்டுவடத்தில் செலுத்த எவருக்கும், எவ்வளவு களைத்திருந்தாலும், தோன்றாது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் இதையே எல்லா நாடுகளுக்கும் சொல்லியது. ஜாக்கிரதையாயிரு என்று மனிதனுக்குச் சொல்வதைவிடத் தவறு செய்ய முடியாதபடி பொருளை அமைத்துவிடுவது மேலான தர்மம். முன்னது செலவில்லாதது என்பதாலேயே நிர்வாகிகள் அதை விரும்புகிறார்கள்.

அறுவை அரங்குக்கான சரிபார்ப்புப் பட்டியலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆகையால் சுருங்கச் சொல்கிறேன். மயக்க மருந்துக்கு முன்னும், கத்தி வைப்பதற்கு முன்னும், நோயாளி அரங்கைவிட்டுப் போவதற்கு முன்னும் நின்று, 19 விஷயங்களைச் சத்தமாகச் சரிபார்க்கும் ஏற்பாடு அது. டில்லி உள்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. உடனே பல நாட்டு அரசாங்கங்கள் அதைக் கட்டாயமாக்கின. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் கட்டாயமாக்கி 2014இல் கணக்குப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க நன்மை ஏதும் தென்படவில்லை. உத்தரவினால் காகிதத்தில் குறியிடச் செய்யலாம். தலைமை நிபுணர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் செவிலியின் சொல்லுக்குக் காது கொடுக்கும்படி உத்தரவினால் செய்ய முடியாது. அப்பட்டியலில் அரங்கிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்ற விதி ஒன்று உண்டு. பார்ப்பதற்குக் குழந்தைத்தனமாயிருக்கிற அவ்விதிதான் அதன் உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் ஒரு முறை வாய் திறந்தவர் மறுமுறையும் திறப்பார்.

சிகிச்சைப் பரிபாலனம் சட்டமான பிறகும் இங்கிலாந்து வழுக்கி விழுந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஸ்டாபோர்ட் நகரத்து மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை, செலவைக் குறைத்து உயர்ந்த அந்தஸ்தை அடையும் அவசரத்தில் செவிலியர் எண்ணிக்கையை வெட்டினார்கள். முதியவர்கள் தண்ணீர் கிடைக்காமலும் அழுக்கு விரிப்பிலும் கிடந்தார்கள். குழுக்கள் இருந்தன, அறிக்கைகள் இருந்தன, பரிபாலனம் என்ற பெயர் சூட்டிய இலாகாவும் இருந்தது. உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள், தாயையும் தந்தையையும் அங்கே பறிகொடுத்த சாதாரணக் குடும்பத்தினர். ராபர்ட் பிரான்சிஸின் தலைமையில் நடந்த விசாரணை 2013இல் 290 பரிந்துரைகளைத் தந்தது. அவற்றின் பயனாக, தீங்கு நேர்ந்தால் நோயாளியிடமோ உறவினரிடமோ ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும் என்பது 2014 நவம்பரிலிருந்து சட்டமாயிற்று. எழுதி மேலே அனுப்பும் உண்மைக்கும், பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் உண்மைக்கும் உள்ள தூரத்தை அந்நாடு அப்பொழுதுதான் அளந்தது.

நம் நாட்டுக்கு இவையெல்லாம் அந்நியச் சரக்கு என்று ஒதுக்கக்கூடியவை அல்ல. 1952 முதல் இங்கிலாந்தில், பிரசவத்தால் நேரும் ஒவ்வொரு மரணத்தையும், மருத்துவர் பெயரை வெளியிடாமல், தண்டிப்பதற்காக அன்றிக் கற்றுக்கொள்வதற்காக ஆராயும் ரகசிய விசாரணை முறை இருந்துவருகிறது. அதே கருத்தின் வழியில் தமிழ்நாட்டிலும் தாய்மார் மரணங்கள் ஒவ்வொன்றையும் வீட்டு வாசல் வரை சென்று விசாரித்து, எந்த இடத்தில் தாமதம், எந்த இடத்தில் ரத்தமில்லை, எந்த இடத்தில் வண்டியில்லை என்று கண்டறிந்து, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் உறவினரையும் அமர்த்தி ஆராயும் ஏற்பாடு நெடுங்காலமாக நடந்துவருகிறது. கிராமத்து ஏழைப் பெண்ணின் மரணத்துக்கு ஓர் ஆட்சியர் காரணம் கேட்கிறார் என்பது நம்முடைய நிர்வாக வரலாற்றில் சாமானியமான காரியமன்று. நம் மாநிலத்தில் தாய்மார் மரணம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். பிரசவ அறையில் நாம் செய்யக் கற்றுக்கொண்டதை அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனையிலும் செய்வதற்குப் புதிய ஞானம் எதுவும் தேவையில்லை.

ஆகவே, இங்கே வீற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களிடமும் அறங்காவலர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அறுவை சிகிச்சை பெற்று முப்பது நாட்களுக்குள் சென்ற ஆண்டில் இறந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணையும், ஒவ்வொரு மரணத்துக்கும் கண்ட காரணத்தையும், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு செவிலியையும் ஒரு மயக்க மருந்து நிபுணரையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கு அதற்கு அடுத்ததாக வரட்டும்.